மந்தமான வாரத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள்: சலூன் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சலூன் முதலாளிகளுக்கு வணக்கம்.

பண்டிகை முடிந்த மறுவாரமே உங்களில் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. "ஆளே வரலையே, என்னப்பா வேலை பார்த்தீங்க?" என்று கடையில் முடி வெட்டும் எங்களைப் பிடிக்கிறீர்கள். எப்படி வருவார்கள்? எல்லோரும் ஒரே வாரத்தில் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முடியைக் குட்டையாக வைப்பவருக்கு நான்கைந்து வாரம் போனால்தான் காதோரம் உறுத்த ஆரம்பிக்கும். அப்போது பாருங்கள், பண்டிகைக்கு முந்தி வந்த கூட்டத்தில் பாதி சேர்ந்தாற்போல் திரும்ப வந்து நிற்கும். நரைக்கு டை அடிப்பவர்களும் அப்படித்தான், வேர் வெளுத்துத் தெரிய அதே நான்கைந்து வாரம் ஆகும்.

இதைக் கணக்கில் எடுக்காமல் அந்த மந்தமான வாரத்தில் தள்ளுபடி போர்டு மாட்டுகிறீர்கள். வளராத முடியை யார் வந்து வெட்டிக்கொள்வார்? வருகிற ஒன்றிரண்டு பேரும் எப்படியும் வரவிருந்தவர்கள். அவர்களிடம் காசைக் குறைத்து வாங்கியதுதான் மிச்சம்.

வாரக் கணக்கு வேறு மாதிரி. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு விடுமுறை நாள்தான் நேரம். அன்றைக்கு மெஷினை ஆறவிடக்கூட இடைவெளி கிடைப்பதில்லை. பிளேடை நம் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் பின்கழுத்துக்குக் கொண்டுபோகிறோம். இரண்டு நாள் கழித்து, மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருப்போம். வாரநாளில் காலியாகக் கிடந்த நாற்காலியைச் சேமித்து வைத்து விடுமுறை நாளில் போட முடியாது. சரி, ஆனால் அந்த நஷ்டம் ஏன் முழுக்க எங்கள் மேல் விழ வேண்டும்? வெறும் கமிஷனுக்கு வேலை செய்பவர் கூட்டமில்லாத நாளிலும் காலையிலிருந்து கடையில் நிற்கத்தான் வேண்டும். கையில் ஒன்றும் வராது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. நின்ற நேரத்துக்கு ஓர் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் கமிஷன் என்று வையுங்கள்.

அப்புறம், ஸ்ட்ரெயிட்டனிங் மாதிரி இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கிற வேலையை விடுமுறை நாள் மதியத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் நாலைந்து கட்டிங் முடிந்துவிடும், காத்திருப்பவரும் முகம் சுளித்து எழுந்து போக மாட்டார். அதை வாரநாளுக்கு நகர்த்தலாம். தள்ளுபடி தந்தே ஆக வேண்டுமென்றால் ஓய்வுபெற்றவர்கள், ஷிஃப்ட் வேலைக்காரர்கள் என்று நேரத்தை மாற்றிக்கொள்ள முடிகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

லீவு விஷயமும் உண்டு. பள்ளி திறப்புக்கு முந்தைய வாரத்திலும் கல்யாண சீசனிலும் நாங்கள் லீவு கேட்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக, மதியம் பன்னிரண்டு மணிக்கு "இன்னிக்குக் கூட்டமில்ல, வீட்டுக்குப் போ" என்று சொல்லாதீர்கள். போன வருஷ பில் புத்தகத்தைப் புரட்டினாலே மந்தமான வாரங்கள் எவை என்று தெரிந்துவிடும். அவற்றில் யாருக்கு எந்த நாள் லீவு என்பதை ஒரு மாதம் முன்னாடியே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் ஒருவர்