தனுஷ்கோடி சுவர்களைக் காப்பாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராமேசுவரம் வருகிறவர்கள் கோயிலில் தீர்த்தமாடிவிட்டு, அப்புறம் தனுஷ்கோடிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே ஒரு மணல் நாக்கு. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், ரயிலில் இங்கே வந்திறங்கித்தான் தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். 1964 டிசம்பர் புயல் ஒரே இரவில் ஊரை வாரிக்கொண்டு போனது. பயணிகளோடு வந்த ரயிலும் தப்பவில்லை.

மிஞ்சிய தேவாலயச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். பவளக்கல்லில் கட்டியது, கல்லின் பொடிப்பொடித் துளைகள் கண்ணுக்கே தெரியும். உப்புக்காற்று அரிப்பது போதாதென்று, அதன்மேல் பெயர்களைக் கிறுக்குகிறார்கள். வயிறு எரிகிறது. சுற்றிலும் வேலி போட்டு, அந்த இரவின் கதையைத் தமிழில் எழுதி ஒரு பலகை வையுங்கள்.

– ஒரு வாசகர், ராமநாதபுரம்