கேட்டைப் பூட்டும் முன்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி திறக்கும்போது பெற்றோர் கையில் ஒரு விதித்தாள் போகிறது. பாதி வரிகள் ஏதோ ஒரு தனியார் பள்ளி டைரியைப் பார்த்து எழுதியவை. 'தாமதமாக வருவோர் அனுமதிக்கப்படமாட்டார்கள்', 'சீருடை இல்லாதோர் திருப்பி அனுப்பப்படுவர்' என்று அதிகாரமாக நிற்கும். இந்த ஆண்டு அந்தத் தாளை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பிள்ளையைக் காலையில் கிளப்பிவிடும் பாடு தெரிந்தவர்கள்தான் இதை எழுத வேண்டும்.

எழுதும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பிள்ளையின் கையில் இருக்கிறதா, பெரியவர் கையில் இருக்கிறதா?

தாமதத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பிள்ளை நேரத்துக்கு வருவது வீட்டைப் பொறுத்தது. அம்மா நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் நேரம், டவுன் பஸ் வரும் நேரம், தம்பிக்குக் காய்ச்சல் என்று காரணம் எதுவாகவும் இருக்கும். கேட்டைப் பூட்டினால் பிள்ளை ரோட்டில் நிற்கும், அல்லது வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் திரும்பிப் போகும். காலை உணவு வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறப்படுகிறது. பிந்தி வரும் பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஒரு நோட்டில் நேரமும் காரணமும் எழுதி உள்ளே விடுங்கள். ஒரே வாரத்தில் மூன்று முறை ஆனால் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போன் செய்யட்டும். ஒரு தட்டு உணவை எடுத்துவைக்கச் சொல்லிச் சமையல் பொறுப்பாளரிடமும் பேசிவையுங்கள்.

வராத பிள்ளைக்கு விடுப்புக் கடிதம் கட்டாயம் என்று எழுதாதீர்கள். எழுதத் தெரியாத பெற்றோர் அதற்குப் பயந்தே இன்னொரு நாளும் நிறுத்திவிடுவார்கள். போனில் ஒரு வார்த்தை போதும். வீட்டிலிருந்து தகவல் இல்லையென்றால் முதல் பாடவேளைக்குள் பள்ளி அழைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் என்றால் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள் கிளம்பும் முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லட்டும். மாற்றுச் சான்றிதழைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அது கைக்கு வரவில்லை என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. இந்த இரண்டு வரிகளையும் தாளில் பெரிதாகப் போடுங்கள்.

நோய் பற்றிய பகுதியில்தான் குழப்பம் அதிகம். 'உடல்நலம் இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. காலையில் பாரசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்பினால் நான்கைந்து மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்து, மதியத்துக்குள் பிள்ளை மறுபடி கொதிக்கும். மருந்தில்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம் என்று தெளிவாக எழுதுங்கள். சின்னம்மைக்கு நம் ஊர்க் கணக்கு தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது. அதைச் செய்வது வீட்டு வழக்கம், அதில் பள்ளிக்குப் பேச்சில்லை. பள்ளிக்கான கணக்கு கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டுவது. பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். பொன்னுக்கு வீங்கிக்கு, வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள்.

பேனுக்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. பேன் பறக்காது, தாவாது. தலையும் தலையும் உரசும்போதுதான் ஏறும். மருந்து போட்டும் திரும்பி வருவதற்குக் காரணம் ஈர். அது பொரித்து வரும் நேரம் பார்த்து, ஏழிலிருந்து பத்து நாளுக்குள் இரண்டாம் முறை மருந்து போட வேண்டும், வீட்டில் பேன் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில்.

'இடைவேளையில் மட்டும் கழிப்பறை' என்ற விதியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். கேட்டால் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும். பிறகு வயிற்று வலி, நீர்க்கடுப்பு. கழிப்பறையைக் கழுவப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்பதையும் எழுத்தில் வையுங்கள். எழுதாத இடத்தில், எந்தத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பந்தியில் தனி வரிசை, கையில் சாதிக் கயிறு ஆகியவற்றுக்கும் இதே இடத்தில் தடை எழுதிவிடுங்கள்.

தண்டனை பற்றி. 'கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்' என்று சொல்லும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோர் அனுமதித்தாலும் சட்டம் அனுமதிக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடுக்கிறது. வெயிலில் நிறுத்துவது, விளையாட்டு வேளையைப் பிடுங்குவது, சாப்பாட்டைத் தாமதப்படுத்துவது, பட்டப்பெயர் வைப்பது எல்லாமே தண்டனைதான். அபராதப் பணமும் வேண்டாம். ஐந்து ரூபாய் இல்லாத பிள்ளை மறுநாள் வராது.

வீட்டுப்பாடம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குக் கிடையாது. 2018இல் மத்திய அரசு சொன்ன பை எடை, இந்த இரு வகுப்புக்கும் ஒன்றரை கிலோ, மூன்று முதல் ஐந்து வரை இரண்டிலிருந்து மூன்று கிலோ. ஒரு லிட்டர் பாட்டில் மட்டுமே ஒரு கிலோ என்பதால், நல்ல குடிநீர் உள்ள பள்ளியில் அரை லிட்டர் பாட்டில் போதும்.

பெற்றோருக்கான விதிகளில் முதலாவது, பிள்ளையை அழைத்துப் போகிறவர் பெயர். மூன்று பெயர், போன் எண்ணோடு, பள்ளியில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் சொந்தத் தாய்மாமனே ஆனாலும், வீட்டுக்குப் போன் செய்து கேட்டபிறகே அனுப்ப வேண்டும். ஆட்டோக்காரர் மாறினால் அன்றே சொல்ல வேண்டும். இன்னொன்று, சண்டை போட்ட அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேட் வாசலில் நிறுத்தி மிரட்டக் கூடாது. குறை இருந்தால் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், பிறகு உங்கள் குழு. அங்கும் தீராவிட்டால் கல்வித்துறையின் உதவி எண் 14417. பிள்ளைக்கு அடி, தொந்தரவு என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098.

நகை போடாதே, பிறந்தநாளுக்கு விலை உயர்ந்த சாக்லேட் வேண்டாம் போன்றவற்றுக்கு ஒரு வரி போதும்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பல வீடுகளில் அந்த போன் காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். தாள் ஒரு பக்கத்துக்குள், பெரிய எழுத்தில் இருக்கட்டும். கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரிடம் வரைவைப் படிக்கக் கொடுங்கள். அவர்களுக்கு விளங்காத வரியைத் திருத்தி எழுதிய பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்