மெட்ரிக் வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புடையீர்,

பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கின் முடிவுகள் வந்துவிட்டன. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து படித்த நம் பிள்ளைகளில் பலர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியோடு தேறியிருக்கிறார்கள். யார் எத்தனை மார்க் என்று இங்கே எழுதவில்லை. அதை அவரவர் வீட்டுப் பெரியம்மாக்கள் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஐயாவுக்கு. வந்தவர்களில் சிலரிடம், "மேத்ஸை விட்டுட்டு மேத்ஸ் லிட்டுக்குப் போ" என்று பள்ளியிலேயே சொல்லியிருந்தார்கள். மேத்ஸ் லிட் என்பது அன்றாடக் கணக்கோடு நிற்கும் எளிய பாடம். மேத்ஸ் இல்லாமல் பொறியியல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. மனசு விட்டுப்போன பிள்ளையிடம் "நன்றாகப் படி, முன்னுக்கு வா" என்றால் காதில் ஏறுமா? ஐயா புத்திமதி பக்கமே போகவில்லை. கல்வித்துறை தன் தளத்தில் போட்டிருக்கும் பழைய வினாத்தாள்களை எழுத வைத்தார். அப்புறம் மார்க் போடும் விடைக்குறிப்பான மெமோவையும் ஒரு சிவப்புப் பேனாவையும் கொடுத்து, நீங்களே திருத்துங்கள் என்றார்.

ஒரு பையன் கால்குலஸ் கணக்கில் முதல் வரியிலேயே பிளஸுக்கு மைனஸ் போட்டிருந்தான். மொத்தத்துக்கும் பூஜ்யம் போடப் போனவன் கையை ஐயா பிடித்துக்கொண்டார். தப்பான விடையை வைத்தே அடுத்த வரிகளை முறையாகச் செய்திருந்தால் அவற்றுக்கு மார்க் உண்டு. மெமோவில் 'சிஏ' (கன்சிஸ்டன்ட் அக்யுரசி) என்று இருப்பது அதுதான். எழுதியதை அடித்துவிட்டு வேறு எதுவும் எழுதாமல் விட்டால், அடித்ததையே திருத்துவார்கள் என்பதும் அதில் இருக்கிறது. "அப்போ சும்மா விட்டுட்டு வரக்கூடாது" என்றான் அவன். அதற்கப்புறம் 150 மார்க் தாளில் வெற்றிடம் விட்டு யாரும் எழுந்ததை நான் பார்க்கவில்லை. பரிசு, பாராட்டு எல்லாம் அப்புறம்தான். மார்க் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததில்தான் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்தது என்பது என் எண்ணம்.

பேப்பர் 2 ஜியோமெட்ரிக்கு குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலிருந்து வந்த அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நன்றி. ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுது என்று அவர்கள் நச்சரித்த நச்சரிப்பு வீண்போகவில்லை.

இறுதித் தேர்வுக்கு முன்னோட்டமான செப்டம்பர் ட்ரையல் பரீட்சையும் புரட்டாசியும் ஒன்றாக வந்து நின்றன. சனிக்கிழமை கோவிந்தா பூஜைக்கு மண்டபம் நிரம்பிவிடும். கோயில் கமிட்டியார் முகம் சுளிக்காமல் சாப்பாட்டு அறையைத் திறந்துவிட்டார்கள். விரத மாதம் என்று வெஜிடபிள் பிரியாணியும் டாலும் செய்து அனுப்பிய ஆன்ட்டிமார்களே, சாப்பாட்டுக்காகவே வந்த பிள்ளைகளும் உண்டு, சொல்லிவிடுகிறேன். வினாத்தாள்களைக் காசு வாங்காமல் நகலெடுத்துத் தந்த கடைக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். சரி, போடவில்லை.

அடுத்த வகுப்பு காவடி முடிந்ததும் தொடங்கும். பிரியாணி அண்டாக்கள் இன்னும் மண்டபத்தில்தான் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
சனிக்கிழமை வகுப்புப் பெற்றோர் சார்பில்