மயிலை ஜோடியை விற்க விடாதே, மாப்பிள்ளை

காங்கயம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சியும் பேரப் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நான் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி இத்தனை மாதமாகியும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டால் கோபிக்காரர்களுக்கு உறவு, ஒரம்பரையெல்லாம் மறந்துபோகும் என்பது தெரிந்ததுதான். உன்னைத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது எழுதுவது குப்புசாமிக்காக.

அவன் மயிலைக் காளை இரண்டையும் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டப் போகிறான். கன்றிலிருந்து கையில் வளர்த்த ஜோடி, உனக்கே தெரியும். அந்தப் பணத்தோடு வட்டிக்கும் கொஞ்சம் வாங்கி, மொத்தம் மூன்று லட்சம் கொடுத்து ஒரு மெஷின் வாங்குகிறானாம். தங்கம் காட்டும் மெஷின். எவனோ ஒருவன் காரில் வந்து பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறான். கைப்பிடியில் இரண்டு ஏரியல் கம்பி. தங்கம், வெள்ளி, வைரம் என்று தனித்தனிப் பட்டன். தங்கப் பட்டனை அழுத்திக்கொண்டு நடந்தால், நூறு மீட்டருக்கு அப்பால் தங்கம் இருந்தாலும் கம்பி அந்தப் பக்கம் திரும்புமாம். தன் மோதிரத்தையே வரப்பில் வைத்துவிட்டு நடந்து காட்டியிருக்கிறான், கம்பியும் திரும்பியிருக்கிறது. பிறகு நொய்யல் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் நடந்தானாம். அங்கேதான் வெள்ளை வெள்ளையாய் வெங்கச்சாங்கல் கொட்டிக் கிடக்கிறதே! கம்பி நேரே கல்லைக் காட்டிவிட்டதாம். “கோலார் ரேகை இதுக்கடியிலதான் ஓடுது, பத்தடி ஜேசிபி விட்டாப் போதும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நான் போய்ச் சொன்னால் குப்புசாமி என் வாயை ஒரே கேள்வியில் அடைக்கிறான். “நீ அங்க எடுத்தியா இல்லியா?”

ஆஸ்திரேலியாவில் தங்கம் எடுத்தேன்தான். அதை முதலில் உனக்குச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவனிடம் நீ பேச முடியும்.

மெல்போர்னிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் மேரிபரோ, டனோலி, வெடர்பர்ன் என்று ஊர்கள் வருகின்றன. விக்டோரியாவின் தங்க முக்கோணம் என்று அந்த வட்டாரத்துக்குப் பேர். 1851லிருந்து உலகமே போய்த் தோண்டிய மண். காட்டுக்குள் எங்கே திரும்பினாலும் பழைய குழிகளும் மண்மேடுகளும்தான். 1869ல் மோலியாகலில் ஒரு மரத்து வேருக்குப் பக்கத்தில், ஓர் அங்குல ஆழத்தில், 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரே கட்டி கிடைத்தது. 1980ல் கிங்கோவரில் ஒருவர் கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரை வைத்தே 27 கிலோ கட்டி ஒன்றை எடுத்தார். இன்றைக்கும் அங்கே அரசாங்கத்திடம் பணம் கட்டினால் பத்து வருடத்துக்கு ஒரு சீட்டுத் தருகிறார்கள். கைக்கருவி மட்டும்தான் பிடிக்கலாம், தோண்டிய குழியை மூடிவிட வேண்டும், கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம்.

அங்கே இருக்கும் மருமகன் வைத்திருப்பது கடற்கரையில் காசும் மோதிரமும் தேடுகிற சாதாரண மெஷின். பக்கத்தில் தேடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், “இதை வைத்தும் எடுக்கலாம், ஆனால் அது பேசுவதைக் கேட்கத் தெரிய வேண்டும்” என்றார். அவர் கற்றுக்கொடுத்ததுதான் எல்லாம்.

விஷயம் இதுதான். தரையில் பிடிக்கிற வட்டத்துக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அது மாறி மாறி ஓடும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. எங்களுடையது விநாடிக்கு 12,000 தடவை மாறும். அடியில் உலோகம் இருந்தால் அதற்குள் சின்ன மின்சாரம் சுழன்று, அது தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். மெஷின் அதைத்தான் கேட்கிறது. பெரிய காசுக்கு 12,000 போதும். பொடித் தங்கத்துக்கு இன்னும் வேகம் வேண்டும். தங்கத்துக்கென்றே செய்த கோல்ட் மான்ஸ்டர் 45,000, ஃபிஷர் கோல்ட் பக் 2 என்பது 71,000. அதனால் நம் மாதிரி மெஷினில் கடுகு சைஸ் தங்கம் ஓர் அங்குலத்துக்குக் கீழே போனால் சத்தமே வராமல் போகலாம்.

இரண்டாவது, அதில் ஆணி, இரும்பு, தகரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட ஒரு வசதி உண்டு. குப்பை தோண்டி அலுத்துப்போனவர்கள் உடனே அதைப் போட்டுவிடுவார்கள். இரும்புச் சத்துள்ள மண்ணில் கிடக்கும் சின்னத் தங்கத்தை மெஷின் இரும்பென்றே நினைத்து அதையும் சேர்த்து ஒதுக்கிவிடும். பெரியவர் முதல் வேலையாக அதை அணைத்தார். பிறகு வட்டத்தைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி மண்ணின் இரைச்சலை அடக்கினார். சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் குறைத்தார். பெரிய வட்டத்தைக் கழற்றிவிட்டு உள்ளங்கை அகலத்தில் ஒன்றை மாட்டினார். மண்ணை உரசுகிற மாதிரி, ஆமை வேகத்தில் வீசச் சொன்னார். சத்தம் கொடுத்த எல்லாவற்றையும் தோண்டச் சொன்னார். எல்லாவற்றையும்!

தோண்டினேன் மாப்பிள்ளை. ஆணி, பூட்ஸ் லாடம், சீசா மூடி, துப்பாக்கி ரவை. ஈய ரவை தங்கத்தைப் போலவே கூவும், ஏமாறாதவன் கிடையாது. இரும்புச் சத்துள்ள கல் கிடந்தாலும் உறுமும். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு பழைய ஓடைக்கரையில், பாறை வெளியே தெரிகிற இடத்தில், மெலிசாக ஒரு சத்தம். ஒரு பக்கம் வீசினால் கேட்கிறது, திரும்பி வீசினால் இல்லை. கொத்தால் பாறை இடுக்கைச் சுரண்டினேன், சத்தம் கெட்டியானது. சிவப்புக் களிமண்ணை ஒரு பிடி அள்ளி வட்டத்துக்கு மேல் ஆட்டினேன், கூவியது. பாதியைக் கீழே போட்டேன், கையில் இருப்பது கூவியது. அதிலும் பாதி. கடைசியில் விரல் நுனியில் ஒட்டிய சேற்றை எச்சில் தொட்டுத் தேய்த்தால், பாசிப்பயறு அளவில் ஒன்று. ஒரு முனையில் வெள்ளைக் கல் துணுக்கு ஒட்டியிருந்தது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், நிழலில் பார்த்தாலும் மாறவில்லை. அரை கிராமுக்குக் கொஞ்சம் கூட. கை நடுங்கிவிட்டது. உன் அக்கா அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன் வைத்திருக்கிறாள்.

குப்புசாமி கேட்டதும் இதைத்தான். அவன் கேட்காமல் விட்டது, அந்தச் சத்தம் தங்கத்தின் சத்தம் என்று மெஷின் ஒருபோதும் சொல்லவில்லை என்பதை. சின்னத் தங்கத்துக்கும் மிட்டாய்த் தாளுக்கும் திரையில் ஒரே நம்பர்தான் வரும். உலகத்தில் எந்த டிடெக்டராலும் தங்கத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. நூறு மீட்டர் தூரத்திலிருந்து தெரியவே தெரியாது. அரை கிராமுக்கு இரண்டு அங்குலமே பெரிய ஆழம்.

இன்னொன்று, விக்டோரியாவில் கட்டி கட்டியாகக் கிடப்பது அந்த நிலத்தின் குணம். கோலார்த் தங்கம் அப்படிக் கிடந்ததில்லை. பெரும்பாலும் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கலந்து, டன் கணக்கில் உடைத்து அரைத்தால் சில கிராம் வரும். என் மெஷினை அந்தக் கல் மேலேயே வைத்தாலும் சத்தம் வராது. 2001ல் அந்தச் சுரங்கத்தையே கட்டுப்படியாகவில்லை என்று மூடிவிட்டார்கள். நம் பக்கத்திலேயே நீலகிரியில் தேவாலாவையும் பந்தலூரையும் எடுத்துக்கொள். 1880 வாக்கில் அதே விக்டோரியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்பவரை வரவழைத்து அறிக்கை வாங்கி, லண்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கின. சில வருடத்துக்குள் எல்லாம் சாய்ந்தன. தங்கம் இருந்தது, எடுத்துக் கட்டுப்படியாகிற அளவு இல்லை.

இதைச் சொன்னால் அவன் ஆதித்த சோழனிடம் போய்விடுகிறான். “கொங்குப் பொன்னக் கொண்டுபோய்த்தானே தில்லைக்குக் கூரை வேய்ஞ்சான்?” என்கிறான். என் எண்ணத்தில் அது பெரும்பாலும் வியாபாரத்தில் வந்து சேர்ந்த பொன். நொய்யல் கரைக் கொடுமணலில் அந்தக் காலத்தில் இரும்பை உருக்கினார்கள், கல்மணி அறுத்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் வெள்ளலூரில் 1842ல் மண்ணுக்குள்ளிருந்து ரோமாபுரி வெள்ளிக்காசு ஐந்நூறுக்கு மேல் கிடைத்தது. ஆனால் இந்தப் பேச்சை அவனிடம் எடுக்காதே, உடனே புதையல் பக்கம் தாவுவான். அப்படியே கிடைத்தாலும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும், 1878லிருந்து சட்டம் அதுதான். இயற்கைத் தங்கத்தைச் சொந்தக் காட்டிலும் உரிமம் இல்லாமல் வெட்டியெடுக்க முடியாது.

மருமகன் என்னிடமே கொடுத்துவிட்ட மெஷினை நம் தோட்டத்தில் ஓட்டிப் பார்த்தேன். லாட ஆணி, உடைந்த கொழு, குவார்ட்டர் பாட்டில் மூடி. செம்மண்ணிலேயே இரும்பு இருப்பதால் அது நிற்காமல் முணுமுணுக்கிறது. கொடுமணல் பக்கம் அந்தக் காலத்து இரும்புக் கிட்டம் வேறு கிடக்கிறது, எந்த மெஷினும் அங்கே கத்தாமல் என்ன செய்யும்?

எனக்குத் தூக்கம் வராத காரணம் வேறு. அவன் பேராசைக்காரன் இல்லை, மாப்பிள்ளை. தண்ணீருக்கு இரண்டு போர்வெல் போட்டான். இரண்டாவது ஆயிரம் அடி போய்ப் புகைதான் வந்தது. பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் தண்ணீர் அவன் கடைமடைக்கு எட்டவில்லை. அந்தக் கடன் இன்னும் நிற்கிறது. தேங்காய் வைத்துத் தண்ணீர் பார்த்தவனை நம்பினான், இப்போது கம்பி வைத்துத் தங்கம் பார்ப்பவனை நம்புகிறான். அவன் சம்சாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் அழுதுவிட்டுப் போனது. ஜேசிபி இறங்கினால் கொழுக்கட்டைப் புல் போச்சு, வெள்வேல மரங்கள் போச்சு. ஆடுகளையாவது வைத்துப் பிழைக்க அந்தக் கொறங்காடுதான் இருக்கிறது. அவன் அப்பா கிளுவை வேலி கட்டியதை நாம் மூன்று பேரும் நின்று பார்த்திருக்கிறோம்.

நான் சொன்னால் “தனக்குக் கிடைச்சதும் அடுத்தவனுக்குத் தடுக்கறான்” என்கிறான். நீ சொன்னால் கேட்பான், உன்னிடம் அவன் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. சந்தைக்கு முன்னால், வருகிற ஞாயிறு வா. பெட்டிக்காரனையும் வரச் சொல்லியிருக்கிறேன், வாங்க இன்னோர் ஆள் இருக்கிறது என்று. பத்துக் கொட்டாங்குச்சியைக் களத்தில் கவிழ்த்து வைப்போம். அவனைத் தொழுவத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, ஏதோ ஒன்றுக்கடியில் நீ மட்டும் உன் மோதிரத்தை வை, எதில் என்று எனக்குக்கூடச் சொல்லாதே. கம்பி எதைக் காட்டுகிறதென்று குப்புசாமியே பார்க்கட்டும். ஒரு தடவை குருட்டாம்போக்கில் அமைந்துவிடும், அதனால் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். பிறகு அதே மோதிரத்தையும் ஒரு மிட்டாய்த் தாளையும் மண்ணில் புதைத்து, என் மெஷினை அவன் கையில் கொடுத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிடுவோம்.

மிட்டாய் கோபியிலேயே வாங்கி வா, உள்ளே வெள்ளித் தாள் இருக்கிறதா என்று பார்த்து. பதில் எழுதிக்கொண்டிருக்காதே, பொழுதோட போன் பண்ணு.

உன் அன்புள்ள,
செல்வராசு