32,000 கையெழுத்தும் ஒரு துடைப்பக் கட்டையும்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

பெண்கள் வாக்குரிமை வரலாற்றுக் கண்காட்சி மூன்று நாளும் நல்லபடியாக நடந்து முடிந்தது. கடைசி நாள் நன்றி சொல்ல எழுந்தபோது தொண்டை கட்டிக்கொண்டு பாதிப் பேரை விட்டுவிட்டேன். அந்தக் கடனை அடைக்கத்தான் இந்த மடல்.

முதலில், பசை ஒட்டிய தங்கைகளுக்கு. 1893-ல் நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனுக்களில் கிட்டத்தட்ட 32,000 கையெழுத்துகள். அவற்றில் பெரிய மனுவின் தாள்களை அந்தப் போராட்டத்தின் தலைவி கேட் ஷெப்பர்ட் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, துடைப்பக் கட்டையில் சுற்றி அனுப்பினார். 546 தாள், 270 மீட்டர். பெண்கள் பக்கம் நின்ற நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜான் ஹால் அவையின் நடுவே அதை உருட்டிவிட, கட்டை எதிர்ச்சுவரில் போய் முட்டியதாம். அதில் பத்தில் ஒரு பங்காவது செய்து காட்டலாம் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஒட்டியது நீங்கள். இரவு பதினோரு மணிக்கு, தாளெல்லாம் பறக்க, "அக்கா, கேட் ஷெப்பர்டுக்கு ஃபேன் தொல்லை இல்லை" என்று ஒருத்தி அலுத்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

அச்சக அண்ணனுக்கு. 1893 என்பதை 1983 என்று அடித்துக் கொடுத்தது நாங்கள்தான். திறப்பன்று காலையில்தான் கண்ணில் பட்டது. முகம் சுளிக்காமல் ஒரு மணி நேரத்தில் வேறு பேனர் போட்டுத் தந்தீர்கள், காசும் வாங்கவில்லை. (சுவிட்சர்லாந்தின் ஆப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலமாக இருந்திருந்தால் 1983 என்று போட்டாலும் அவசரக் கணக்குதான். அங்கே மாநில அளவில் பெண்களுக்கு வாக்கு கிடைத்தது 1990-ல், அதுவும் நீதிமன்றம் சொல்லி.)

நூலகத்து ஐயாவுக்கு. "நியூசிலாந்து சரி, சென்னை எங்கேம்மா?" என்று கேட்டவர் நீங்கள். 1917 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய் வாக்குரிமை கேட்டது, அதன் பின்னால் அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ் உழைத்தது, யாருக்கு வாக்கு என்று ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த சவுத்பரோ குழு கைவிரித்தது, முடிவு மாகாண சபைகளிடம் விடப்பட்டு 1921-ல் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது எல்லாம் உங்களால்தான் பலகை ஏறின. சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சில பெண்களுக்கே அந்த வாக்கு எட்டியது என்ற வரியையும் சேர்க்கச் சொன்னீர்கள். கொண்டாட்டம் கெடும் என்று நான் வாதாடினேன். தப்பு என்னுடையது.

கூட்டம் தேங்கி நின்றது 1951–52 பலகை முன்னால்தான். முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிவானது. சொந்தப் பெயர் இருந்தே தீரவேண்டும் என்று தேர்தல் ஆணையம் நின்றது. கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில். ஆணையர் சுகுமார் சென் செய்தது சரியா என்று பலகை முன்னாலேயே இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. நான் சரி என்கிற கட்சி. ஆனால், "ஓட்டு போனவளுக்கு அந்தத் தேர்தல் திரும்பி வருமா?" என்று கேட்ட பெரியம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் பேர்கூடக் கேட்க விட்டுப்போயிற்று, அந்தப் பலகை முன்னாலேயே! மன்னித்துக்கொள்ளுங்கள், நன்றி.

துப்புரவு பார்க்கும் அக்காவுக்கு. சுருளுக்குக் கட்டை தேடி நாங்கள் அலைந்தபோது, எதற்கு என்று விசாரித்துவிட்டு உங்கள் துடைப்பத்திலிருந்தே கழற்றிக் கொடுத்தீர்கள். எங்கள் சுருளில் முதல் கையெழுத்தும் நீங்கள் போட்டதுதான். கட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டது, உருவினால் தாள் கிழியும். புதுசு வாங்கி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவுக்காக