பிரித்துக் கொடுத்ததைப் பிரித்தே கொண்டுபோங்கள்

எங்கள் நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். குப்பையைப் பிரித்துத் தரச் சொல்லி எங்கள் தெருவில் எத்தனை முறை மைக்கில் அறிவித்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். 2023 டிசம்பரில் சென்னை வெள்ளத்தை டிவியில் பார்த்ததிலிருந்து மழை வலுத்தாலே அவளுக்குத் தூக்கம் போய்விடும். "நான் பெரியவளாகும்போது நம்ம ஊர் இருக்குமாம்மா?" என்பாள். என்ன பதில் சொல்ல? அந்த நேரத்தில்தான் உங்கள் நோட்டீஸ் வந்தது. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலம். பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பால் கவரை அலசி, துணிக்கொடியில் க்ளிப் போட்டுக் காயவைப்பாள். தீர்ந்த பேட்டரிக்கும் பழைய மாத்திரைக்கும் தனி டப்பா. அவசரத்தில் நான் டீத்தூளைத் தொட்டி மாற்றிக் கொட்டினால் திட்டு விழும். சரி, ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறாளே என்று வாங்கிக்கொள்வேன்.

போன மாதம் பள்ளிக்குப் போகும் வழியில், தெருமுனையில் பச்சைக் கூடையையும் நீலக் கூடையையும் ஒரே லாரியில் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டாள். சாயங்காலம் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டில் ஒதுக்கிய கறிவேப்பிலையையும் பிஸ்கட் கவரையும் ஒரே தொட்டியில் போட்டாள். கொடியில் அன்று காலை மாட்டிய பால் கவர் அப்படியே தொங்கியது. இப்போது மழை இல்லாத ராத்திரியிலும் விழித்துக் கிடக்கிறாள்.

தூய்மைப் பணியாளர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. லாரியில் தடுப்பே இல்லை, அவர்கள் என்ன செய்வார்கள்? பிரித்துத் தருவது எங்கள் கடமை என்றால், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோவது உங்கள் கடமை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இரண்டும் இருந்தன. அபராதம் பற்றிய வரியை மட்டும் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டீர்கள்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாக 59 சதவீதம் பேர் சொன்னார்கள். அரசுகள் தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணத்தோடு சேர்ந்தே அந்த வேதனை இருந்தது. என் மகள் அந்த ஆய்வைப் படித்ததில்லை. லாரியைத்தான் பார்த்தாள்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தின விழாவில் எங்கள் பூங்காவில் நீங்கள் நட்ட மரக்கன்றையும் போய்ப் பார்த்தோம். கன்றைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் பையோடு புதைத்திருக்கிறார்கள். கன்று பட்டுப்போய்விட்டது, பை நன்றாக இருக்கிறது. விழா பேனரும் அப்படித்தான். ஒருவேளை அதுதான் மரமாகுமோ என்னவோ!

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். பிரித்துக் கொடுத்ததைப் பிரித்தே கொண்டுபோங்கள். எல்லா லாரிக்கும் தடுப்பு போட இப்போது காசில்லை என்றால், மக்கும் குப்பையை ஒருநாளும் மற்றதை மறுநாளும் எடுக்கலாம். தயவுசெய்து இதையாவது யோசியுங்கள். அப்புறம், முடிவு செய்ததும் எங்கள் தெருவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
தவறாமல் வரி கட்டும் ஒரு தாய்