சர்வருக்கு ஓடிபி வைத்துவிடு

அன்புள்ள கண்ணா,

டெல்லியிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் இன்னும் பாஸ்வேர்டு அடித்துத்தான் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பாஸ்வேர்டு ஒருவன் கையில் சிக்கிவிட்டால், நீ மாற்றும்வரை அவனும் உள்ளே போய்வருவான். ஓடிபி அப்படியில்லை, ஒருமுறைக்குத்தான் செல்லும். இந்த யோசனையை லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி விஞ்ஞானி 1981-லேயே எழுதிவிட்டார்.

இங்கே பெங்களூரில், அல்சூர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது நானும் ஓடிபி இல்லாமல் எந்த சர்வரையும் தொடுவதில்லை. போனில் இருக்கும் செயலியும் சர்வரும் ஒரே ரகசியச் சாவியை வைத்துக்கொண்டு, அதோடு நேரத்தையும் சேர்த்து, 30 விநாடிக்கு ஒரு 6 இலக்க எண்ணைத் தனித்தனியே கணக்கிடுகின்றன. சிக்னல்கூட வேண்டாம். ஆனால் இரண்டிலும் நேரம் ஒத்துப்போக வேண்டும். எண் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால், முதலில் சர்வரின் கடிகாரத்தைப் பார்.

சர்வரில், உள்ளே வருபவர் யாரென்று சரிபார்க்கும் பகுதிக்குப் பாம் (PAM) என்று பெயர். அதற்கான கூகுள் ஆத்தென்டிகேட்டர் மாட்யூலை நிறுவி, உன் கணக்கிலேயே அதன் கட்டளையை ஓட்டு. திரையில் கியூஆர் படம் வரும், அதைப் போன் செயலியில் ஸ்கேன் செய். கூடவே வருபவை 8 இலக்கத்தில் 5 அவசர எண்கள். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதே. தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வை. மெட்ரோ நெரிசலில் போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் கதி.

அப்புறம் எஸ்எஸ்எச் (SSH) அமைப்பு, அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் போகும் வழியின் செட்டிங். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தன் கணினியில் எஸ்எஸ்எச் சாவி என்ற ரகசியக் கோப்பை வைத்திருப்பவரிடம் பாம் எதையும் கேட்காது, நேராக உள்ளே விட்டுவிடும். சாவி, ஓடிபி இரண்டும் கட்டாயம் என்று ‘ஆத்தென்டிகேஷன் மெத்தட்ஸ்’ வரியில் எழுதினால்தான் ஓடிபி கேட்கும். எழுதாவிட்டால் நீ பட்ட பாடெல்லாம் வீண்.

அமைப்பை மாற்றி எஸ்எஸ்எச்சை மறுபடி தொடங்கும்போது, ஏற்கெனவே சர்வருக்குள் இருக்கும் டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலை, மூடவே மூடாதே. இன்னொரு டெர்மினல் திறந்து, ஓடிபி போட்டு உள்ளே போய்ப் பார். போக முடியாவிட்டால் பழையதிலிருந்து சரிசெய்யலாம். இரண்டையும் மூடிவிட்டால் டேட்டா சென்டருக்கு ஓடவேண்டியதுதான்.

ஓடிபி இருக்கிறதே என்று அசந்துவிடாதே, கண்ணா. போலிப் பக்கத்தில் நீயே எண்ணை அடித்தால், அது காலாவதியாவதற்குள் அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் திருடன் பயன்படுத்திவிடுவான். மேனேஜர் என்று சொல்லி யார் போனில் கேட்டாலும் எண்ணைச் சொல்லாதே. உண்மையிலேயே மேனேஜராக இருந்தாலும் சொல்லாதே.

சனிக்கிழமை சர்வரில் யாரும் இருக்கமாட்டார்கள், அன்றைக்கே செய். எங்காவது சிக்கினால் கூப்பிடு, நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா